நாலு பேர் கூடும் இடம்: உங்கள் பகுதியில் அதைக் கண்டுபிடிப்பதும் காப்பாற்றுவதும்

நான் 24 வருடம் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஜன்னலோரமாக ஒரு நீள மேசை, செய்தித்தாள் படிக்க வருகிறவர்களுக்காகப் போட்டது. அதில் வலது கோடி நாற்காலி ஒரு பெரியவருடையது. பெயர் எதுவும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் அது அவருடையதுதான். காலையில் நாங்கள் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றுகொண்டிருப்பார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்துபோய், அந்தப் பக்கம் கறுப்பு நூல் கட்டியிருப்பார். நூலைக் காதில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் தாளை விரிப்பார். எதிர் நாற்காலியில் வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பையன் உட்காருவான். இரண்டு பேரும் பேசிக்கொண்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. படித்து முடித்த தாளை மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் அந்த நாற்காலி காலியாக இருந்தது. மறுநாளும் அப்படியே. பையன் என்னிடம் வந்து, "ஐயா ரெண்டு நாளா வரலையே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டான். உறுப்பினர் பதிவேட்டில் முகவரி இருந்தது. போய்ப் பார்த்தோம். குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், முந்தைய நாள் காலையிலிருந்து தரையிலேயே கிடந்தார். பிழைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துக் கைத்தடியோடு திரும்பி வந்தார். அதுவரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

அந்தப் பையனுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. உறவு இல்லை, நட்பு என்றும் சொல்ல முடியாது. தினமும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அதனால் ஒருவர் வராதது இன்னொருவர் கண்ணில் பட்டது. சமூக உள்கட்டமைப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்த மேசையைத்தான் காட்டுவேன்.

இந்தச் சொல்லை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் குழப்பம் வரும். அரசுத் திட்டங்களிலும் நிதி அறிக்கைகளிலும் சமூக உள்கட்டமைப்பு என்றால் பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடியிருப்பு போன்ற கட்டடங்கள். சமூகவியல் ஆட்கள் சொல்வது வேறு. மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படிச் சந்திக்கிறார்கள், எப்படிப் பழகுகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கிற இடங்களையும் அமைப்புகளையும் அவர்கள் அப்படி அழைக்கிறார்கள். நூலகம், பூங்கா, விளையாட்டுத் திடல், பள்ளி வாசல், நிழலுள்ள நடைபாதை எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்கச் சமூகவியலாளர் எரிக் கிளைனென்பெர்க் இந்த அர்த்தத்தைப் பரவலாக்கினார். நான் இங்கே பேசுவதும் இதைப் பற்றித்தான்.

சமூக மூலதனம் என்று இன்னொரு சொல் இருக்கிறது. அது மனிதர்களுக்கு நடுவில் உள்ள பழக்கம், நம்பிக்கை. உள்கட்டமைப்பு அது விளையும் நிலம். 'எல்லோரும் ஒருவரை ஒருவர் நம்புங்கள்' என்று யாரும் உத்தரவு போட முடியாது. ஆனால் ஒரு பெஞ்சு போடலாம், ஒரு விளக்கு மாட்டலாம், ஒரு கதவை இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைக்கலாம். நம்மால் ஆகக்கூடியது இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இதெல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கு நான் சிகாகோ கதையைச் சொல்வேன். 1995 ஜூலையில் அந்த நகரத்தைக் கடும் வெப்ப அலை தாக்கியது. ஜூலை 13 அன்று வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸ், அதோடு கடும் புழுக்கம். வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலோர் வயதானவர்கள். பலர் தனியாக, சாத்திய கதவுகளுக்குப் பின்னால் இறந்துகிடந்தார்கள். கிளைனென்பெர்க் பிறகு அங்கே போய், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். இரண்டிலும் வறுமை உண்டு, தனியாக வாழும் முதியவர்களும் உண்டு. வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் வடக்கில் ஒரு லட்சம் பேருக்கு 40 பேர் இறந்தார்கள், தெற்கில் 4 பேர். தெற்கில் நடைபாதைகளில் ஆள் நடமாட்டம் இருந்தது, கடைகள் திறந்திருந்தன, வயதானவர்கள் வெளியே வந்து போய்ப் பழகியிருந்தார்கள். வடக்கில் கடைகள் மூடி, வீடுகள் காலியாகி, தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. வெளியே வரப் பயந்தவர்கள் உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

சரி, இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதலில் நடங்கள்

ஒரு நோட்டும் பென்சிலும் போதும். உங்கள் பகுதியில் பதினைந்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய தூரத்தைத் தோராயமாக வரைந்துகொள்ளுங்கள். மூன்று தடவை நடக்க வேண்டும்: வேலை நாளில் முற்பகல், வேலை நாளில் மாலை, விடுமுறை நாளில் ஒரு தடவை. ஒரே தடவை நடந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். காலையில் உயிரோடு இருக்கும் இடம் மாலையில் செத்துக் கிடக்கும், அதற்கு எதிராகவும் நடக்கும்.

போகிறவர்களை விட்டுவிடுங்கள், நிற்கிறவர்களைக் குறியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் யார் இருக்கிறார்கள்? நின்றா, உட்கார்ந்தா? தனியாகவா, இன்னொருவரோடா? நான் முதல் தடவை இப்படி நடந்தபோது பூங்காவில்தான் கூட்டம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். பூங்கா காலி. ஒரு ஆரம்பப் பள்ளி வாசலில் முப்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள், பிள்ளைகளைக் கூப்பிட வந்தவர்கள்.

அந்த வாசலை நான் பல நாள் பார்த்தேன். மதில் சுவரின் நிழல் ஓர் அடி அகலம்தான் விழும். அந்த ஓர் அடிக்குள் எல்லோரும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியாது, தோள்தான் தெரியும். மணி அடிக்கும்வரை எல்லோரும் எதிரே இருக்கும் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேகமூட்டமான ஒரு நாள் போனேன். அன்றைக்கு அதே ஆட்கள் சுவரை விட்டு வந்து, மூன்று நான்கு பேராக வட்டம் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி ஒரு சின்னக் குழந்தையின் அம்மாவிடம் காய்ச்சல் மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்கள் மாறவில்லை, நிழல்தான் மாறியது. அங்கே ஒரு கூரைத் தகடோ நல்ல மரமோ இருந்தால் தினமும் அப்படித்தான் நிற்பார்கள்.

ஒவ்வோர் இடத்திலும் சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். காசு செலவழிக்காமல் இங்கே இருக்க முடியுமா? எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்காமல் ஒரு மணி நேரம் இருக்க முடியுமா? நாளைக்கு வந்தால் இன்றைக்குப் பார்த்த முகங்கள் கண்ணில் படுமா? ரே ஓல்டன்பர்க் என்ற சமூகவியலாளர் 1989ல் 'மூன்றாம் இடம்' என்று ஒன்றைப் பற்றி எழுதினார். வீடு முதல் இடம், வேலை இரண்டாவது, இரண்டும் இல்லாமல் போய் உட்காரக்கூடியது மூன்றாவது. இதில் அவர் வியாபார இடங்களையும் சேர்க்கிறார். அதுவும் சரிதான், ஆனால் கையில் காசில்லாத நாளிலும் போக முடிகிற இடம் ஒன்றாவது ஒரு பகுதிக்கு வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கழிப்பறை, குடிக்கத் தண்ணீர், இருட்டியபின் வெளிச்சம். இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை இல்லாத பூங்காவில் வயதானவர்கள் அரை மணி நேரத்துக்கு மேல் தங்க மாட்டார்கள்.

அப்புறம் மிகக் கஷ்டமான கேள்வி: இங்கே யார் இல்லை? இருப்பவர்களை எண்ணுவது சுலபம். இல்லாதவர்களை எண்ண, வீடு வீடாகப் போய்க் கேட்கத்தான் வேண்டும். எங்கள் நூலக வாசலில் நான்கு படி. சக்கர நாற்காலியில் இருப்பவர் யாரும் வருவதில்லை, அதனால் சாய்தளம் தேவையில்லை என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். படி இருந்ததால்தான் வரவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. சில இடங்களில் படி கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் பொது நீச்சல் குளங்கள் பலவற்றில் கறுப்பின மக்களை நெடுங்காலம் விடவில்லை. எல்லோரையும் அனுமதிக்க வேண்டிய நிலை வந்தபோது, சேர்ந்து குளிப்பதைவிடக் குளமே வேண்டாம் என்று சில நகரங்கள் அவற்றை மூடிவிட்டன, மண் கொட்டி நிரப்பியதும் உண்டு. ஒரு கூட்டம் மட்டும் நெருக்கமாகப் பழகி, மற்றவர்களை வாசலோடு நிறுத்தும் இடமும் ஒரு விதத்தில் உள்கட்டமைப்புதான். அது ஊரைப் பிரிக்கிற வேலையைச் செய்கிறது. உங்கள் வரைபடத்தில் அப்படிப்பட்ட இடத்தைத் தனியாகக் குறியுங்கள்.

புதிதாகக் கட்டும் முன் இருப்பதைத் திருப்பிப் போடுங்கள்

சமூகக்கூடம் கட்ட வேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். நிதி திரட்டி, அனுமதி வாங்கி, கட்டி முடிக்கும்போது ஆரம்பித்தவர்கள் களைத்துப் போயிருப்பார்கள். சாவி ஒரு அலுவலகத்தில் தொங்கும். நான் இரண்டு தடவை இதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்.

நூலக வளாகத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு சுவரைப் பார்த்துக் கிடந்தது. யாரும் உட்கார மாட்டார்கள். அதை வாசல் பக்கம் திருப்ப மூன்று கடிதம் எழுதினேன். கடைசியில் அனுமதி வந்தது. நாலு பேர் சேர்ந்து கடப்பாரையால் நெம்பித் திருப்பினோம். முதுகு சுவரில் சாய, முகம் வாசலைப் பார்க்க. அந்த வாரமே ஆள் உட்கார ஆரம்பித்தார்கள். மனிதர்களுக்கு முதுகுப் பக்கம் பத்திரமாக இருக்க வேண்டும், கண்ணுக்கு முன்னால் ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். பெஞ்சு போடும்போது இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும்.

நகர்த்தக்கூடிய நாற்காலி அதைவிட நல்லது. நியூயார்க்கின் சதுக்கங்களில் மக்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று வில்லியம் வைட் என்பவர் 1970களில் கேமரா வைத்துப் பார்த்தார். தளர்வாகக் கிடக்கும் நாற்காலியை மக்கள் உட்காரும் முன் கொஞ்சம் நகர்த்துகிறார்கள் என்று கண்டார். பல நேரம் நாற்காலி நகர்ந்தது சில அங்குலம்தான். அந்தச் சில அங்குலத்தில் 'இது என் இடம்' என்ற உரிமை வந்துவிடுகிறது. நாற்காலி திருட்டுப் போய்விடும் என்று எல்லோரும் பயப்படுவார்கள். இரவில் உள்ளே எடுத்து வைக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள், அந்த ஆளே பிறகு அந்த இடத்தின் காவலர் ஆகிவிடுவார்.

எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் முக்கியம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் குடும்பத்தோடு தங்கிய வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பில் செய்த ஓர் ஆய்வு 1950ல் வெளிவந்தது. உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் செய்தது. யாரோடு அதிகம் பழகுகிறீர்கள் என்று கேட்டபோது, அதே மாடியில் அடுத்த வீட்டுக்காரரைச் சொல்லும் வாய்ப்பு 41 சதவீதமாக இருந்தது. இரண்டு கோடிகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் சொல்லும் வாய்ப்பு 10 சதவீதம். கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தவர்களுக்கு மாடியிலும் நண்பர்கள் அதிகம். குணத்தைவிட, மாடிப்படி எங்கே இருந்தது என்பது பேசியிருக்கிறது. ஆகவே பெஞ்சையோ அறிவிப்புப் பலகையோ, எல்லோரும் எப்படியும் கடந்து போகிற வழியில் வையுங்கள். அழகான, ஒதுக்குப்புறமான மூலை வேண்டாம்.

நேரம், சாவி, கைக்கு ஒரு வேலை

இடம் மட்டும் போதாது. எப்போது போனால் ஆள் இருக்கும் என்று தெரிய வேண்டும். ஒரு நாளையும் ஒரு மணியையும் முடிவு செய்து மாற்றாமல் வைத்திருங்கள். இரண்டு பேர்தான் வந்தார்கள் என்றால் அந்த இரண்டு பேரோடு நடத்துங்கள். ஒரு தடவை கதவு மூடியிருப்பதைப் பார்த்தவர் மறுபடி வர யோசிப்பார். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் திறப்பார்.

'வாருங்கள், பேசலாம்' என்று கூப்பிட்டால் பேசத் தெரிந்தவர்கள்தான் வருவார்கள். கூச்சப்படுகிறவர்களுக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். நாங்கள் சனிக்கிழமை மாலை கிழிந்த புத்தகங்களைச் சரிசெய்யும் வேலையை அந்த நீள மேசையில் வைத்தோம். பிய்ந்த பக்கத்துக்கு மெல்லிய தாளை நீளவாக்கில் கிழித்து, பசை தடவி, மடிப்போடு சேர்த்து ஒட்ட வேண்டும். தனியாகச் செய்தால் பக்கம் கோணிக்கொள்ளும். ஒருவர் புத்தகத்தின் முதுகை விரித்துப் பிடிக்க, இன்னொருவர் ஒட்டினால் நேராக வரும். "நான் பிடிச்சுக்கறேன், நீங்க ஒட்டுங்கம்மா" என்பதுதான் அந்த மேசையில் பெரும்பாலும் முதல் பேச்சாக இருந்தது. பசை காயும்வரை கனமான அகராதியை மேலே வைத்துக் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் மற்ற பேச்சு வரும். இரண்டு பேர் தேவைப்படுகிற, நடுவில் காத்திருக்க வேண்டிய ஒரு வேலையைத் தேடிப் பிடியுங்கள். செடி நடுவதும் சைக்கிள் பழுதுபார்ப்பதும் அப்படித்தான்.

இப்படிக் கிடைக்கிற மேலோட்டமான பழக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973ல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் 'அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்' என்று கேட்டதைச் சொல்கிறார். அடிக்கடி பார்க்கிறவர் மூலம் கிடைத்தது என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 17 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கிறவர் மூலம் என்றவர்கள் 56 சதவீதத்துக்குப் பக்கத்தில். நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததுதானே நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்துப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது. அந்த வேலை தேடிய பையனுக்கும் புத்தகம் ஒட்ட வந்த ஒரு அம்மா சொல்லித்தான் கடைசியில் வேலை கிடைத்தது.

வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்துக்கொள்ளலாம், நேர மாற்றம் சொல்ல உதவும். ஆனால் இருநூறு பேர் குழுவில் ஒருவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது.

எண்ணிக்கை எழுதி வையுங்கள்

எந்த இடத்துக்கும் ஒரு நாள் ஆபத்து வரும். செலவைக் குறைக்கச் சொல்வார்கள், நேரத்தைக் குறைப்பார்கள், மூடலாமா என்று கேட்பார்கள். எங்கள் கிளையை மேலிடத்தில் அளந்தது எத்தனை புத்தகம் வெளியே போனது என்பதை வைத்து. செய்தித்தாள் மேசையிலிருந்து ஒரு புத்தகமும் போகாது, ஆகவே அவர்கள் கணக்கில் அந்த மேசை பூஜ்யம். மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக மூடும்படி உத்தரவு வந்தது. வேலை முடிந்து வருகிறவர்களுக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

அதன்பின் நான் மணிக்கு ஒரு தடவை எழுந்து போய் மேசையில் இருப்பவர்களை எண்ணி, நோட்டில் கோடு போட ஆரம்பித்தேன். பெரியவர், பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று தனித்தனிக் கோடு. ஆறு மாதக் கோடுகளைக் கூட்டி அனுப்பினோம், கூடவே அந்த நேரத்தில் வந்துபோனவர்களின் கையெழுத்தும். அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்தது. முன்பே எண்ணியிருந்தால் போயிருக்கவே போகாது என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. நீங்கள் முதல் நாளிலிருந்தே எண்ணுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. பெரியவர் விழுந்த பிறகு எங்கள் உறுப்பினர் படிவத்தில் ஒரு வரி சேர்த்தோம்: 'நீங்கள் வராவிட்டால் யாரிடம் கேட்கலாம்?' விருப்பம் இருந்தால் நிரப்பலாம், கட்டாயமில்லை. அந்தப் படிவங்களைப் பூட்டிய அலமாரியில் வைத்தோம், அவசரத்துக்கு மட்டும் எடுப்போம். உங்கள் இடத்திலும் இப்படி ஒரு வரி சேருங்கள். நிறையப் பேர் அதைக் காலியாக விடுவார்கள். எங்களிடமும் விட்டார்கள். யாரெல்லாம் காலியாக விட்டார்களோ அவர்களை வாரம் ஒரு தடவையாவது பெயர் சொல்லிப் பேசுவது என்று நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம்.

பெரியவர் திரும்பி வந்த வாரம் அவரிடமும் அந்தப் படிவத்தைக் கொடுத்தேன். கண்ணாடி நூலைக் காதில் சுற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். கடைசி வரியில் பேனாவை வைத்தவர், எழுதாமல் படிவத்தை மேசையின் எதிர்ப்பக்கம் தள்ளினார். "தம்பி, உன் பேரை நீயே எழுதிடு. எனக்குத் தெரியாது" என்றார்.